பாக் விரிகுடா ஓரத்துல 4 நாள் கேம்ப்: தண்ணி, காத்து, சாப்பாடு, பாத்ரூம் எல்லாம் எப்படி

மே முதல் வாரம் உச்சிப்புளி பக்கம் கடற்கரையில ஒரு கேம்ப்ல 3 ராத்திரி இருந்துட்டு வந்தோம். நானு, வீட்டுக்காரரு, பெரியவ (12 வயசு), சின்னவன் (8 வயசு). மத்த நாள்ல ஸ்கூல் புள்ளைங்களை மொத்தமா கூட்டிட்டு வந்து கடல் பாடம், கயாக் (துடுப்பு போட்டுப் போற சின்னப் படகு), நீச்சல்னு நடத்துற இடம் அது, லீவு நாள்ல மட்டும் குடும்ப பேட்ச்னு தனியா போடுறாங்க. பேரு இங்க போடல, கேட்டு மெசேஜும் அனுப்பாதீங்க. குறை சொல்ல வேண்டியது நிறைய இருக்கு, நடத்துறவங்க சின்ன ஆளுங்க, என் ஒருத்தி எழுத்தால அவங்க பொழப்பு கெடணும்னு எனக்கு ஆசை இல்ல. அந்தக் கரையோரம் எந்த கேம்ப்புக்குப் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனாலும் எதை எதைப் பாக்கணும்னு தெரிஞ்சுக்க இது உதவும், அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

போறது ஈசி. மதுரையில இருந்து ராமேஸ்வரம் பாசஞ்சர் ஏறுனா உச்சிப்புளியிலயே இறங்கிக்கலாம். புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்ததுக்கு அப்புறம் ரயில் மறுபடியும் ராமேஸ்வரம் வரைக்கும் போகுது, அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்துக்கு மேல மண்டபத்தோட நின்னுட்டு இருந்துச்சு. ஸ்டேஷன்ல இறங்கி ஆட்டோக்காரர்கிட்ட "கேம்ப்புக்குப் போகணும்ணே"ன்னு சொன்னேன், அவரு எங்களை ஏற இறங்கப் பாத்துட்டு "மண்டபம் கேம்ப்பா? அங்க யாரைப் பாக்கணும்?"னு கேட்டாரு. அப்புறம்தான் உறைச்சுச்சு, அந்தப் பக்கம் கேம்ப்னு சொன்னா இலங்கைத் தமிழர் முகாம்தான். அதுக்கும் முன்னாடி வெள்ளைக்காரன் காலத்துல தேயிலைத் தோட்டத்துக்குப் போற ஜனங்களைக் கப்பல் ஏத்துறதுக்கு முன்ன நோய் இருக்கான்னு பாத்து அடைச்சு வெச்ச இடமும் அதுதானாம், ஊரு பேரே மண்டபம் கேம்ப்னு நின்னுபோச்சு. நாங்க காசு குடுத்து டென்ட்ல படுக்கப் போறோம்னு அந்த ஆளுகிட்ட விளக்கிச் சொல்ல எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு. "ஓ, தண்ணியில தள்ளு வண்டி விடுவாங்களே, அதுவா"ன்னு சிரிச்சிட்டு ஏத்திக்கிட்டாரு.

இடம் நல்ல இடம், அதுல பொய் சொல்லக்கூடாது. ரோட்டுல இருந்து உள்ள போனா ரெண்டு பக்கமும் பனை, நடுவுல மணல் பாதை, பாதை முடியுற இடத்துல டக்குனு கடல். பனையோலைக் கொட்டகை 6, டென்ட் ஒரு 10 இருக்கும், நடுவுல ஆஸ்பெஸ்டாஸ் போட்ட பெரிய ஷெட்டு, அதுலதான் சாப்பாடு, கிளாஸ், மழை வந்தா எல்லாரும் ஒதுங்குறது எல்லாம். நாங்க கொட்டகை கேட்டு வாங்குனோம், டென்ட்டுக்கும் அதுக்கும் ஆளுக்கு 500 ரூபா வித்தியாசம், மே மாசத்துல போறவங்க அந்த 500ஐ யோசிக்காம குடுத்துருங்க. அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்ச அன்னைக்குத்தான் நாங்க போய் இறங்குனோம், டென்ட்ல இருந்த குடும்பம் மத்தியானம் பூரா எங்க கொட்டகை வாசல்லதான் வந்து உக்காந்துருந்தாங்க, ஓலைக்குக் கீழ அப்படி ஒரு குளுமை. ஃபேன் ஒண்ணு இருக்கு, கரன்ட் போனா இல்ல. கட்டில் கிடையாது, தரையில பாய், மேல ஒரு மெல்லிசு மெத்தை. மெத்தை உறையைத் தட்டுனா மணல் கொட்டுச்சு, தினமும் தட்டுனோம், தினமும் கொட்டுச்சு, மதுரைக்கு வந்து இன்னும் பையில இருந்து கொட்டிட்டுத்தான் இருக்கு.

அவங்க போட்டிருந்த போட்டோவைப் பத்திச் சொல்லணும். பெரிய அலை மேல பலகையில ஒரு ஆளு நிக்கிற மாதிரி படம். அந்தக் கடல்ல அப்படி ஒரு அலை வரவே வராது! அது வடகடல், பாக் விரிகுடா பக்கம், ஆழம் கம்மி, இடுப்புத் தண்ணியில நடந்துட்டே இருக்கலாம் போல இருக்கும். அங்க உள்ளவங்க அதைப் பெண் கடல்னு சொல்றாங்க, தெக்க மன்னார் வளைகுடா பக்கம் இருக்குறது ஆண் கடல், அலையும் வேகமும் அங்கதான். அலைச்சறுக்கு ஆசை இருக்குறவங்க கோவளம், மகாபலிபுரம்னு போங்க, இங்க வந்து ஏமாறாதீங்க. எங்க கூட வந்த ஒரு காலேஜ் பையன் அலைச்சறுக்குன்னு நெனச்சே வந்துருந்தான், முதல் நாள் கரையில நின்னு "என்னண்ணே வண்டியூர் தெப்பக்குளம் மாதிரி கெடக்கு"ன்னு கேட்டான். ஆனா சின்னப் புள்ளைங்க வெச்சிருக்குறவங்களுக்கு அந்தத் தெப்பக்குளம்தான் வேணும்.

தண்ணி. இதுதான் அங்க பெரிய விஷயம், இதை யாரும் எழுத மாட்டேங்குறாங்க. கடலுக்குப் பக்கத்துல இருக்குறதால போர் போட்டா உப்புத் தண்ணிதான், பாத்ரூம் குழாய்ல வர்றதும் அதுதான், அதுல சோப்பு போட்டா நுரையே வராது, தலைக்கு ஊத்துனா முடி தேங்காநார் மாதிரி ஆயிடும். நல்ல தண்ணி லாரியில வருது, குடிக்க கேன். ராமநாதபுரம் ஜில்லா பூரா குடிக்கிறதே திருச்சிப் பக்கத்துல இருந்து குழாய்ல வர்ற காவேரித் தண்ணியை நம்பித்தான், அதுவும் கடைசி ஊருக்கெல்லாம் எப்ப வரும்னு சொல்ல முடியாது, ரோட்டோரம் தள்ளுவண்டியில குடம் அடுக்கித் தள்ளிட்டுப் போற பொம்பளைங்களை வழி நெடுகப் பாக்கலாம். அதனால கேம்ப்ல சாயங்காலம் ஆளுக்கு ஒரு பக்கெட் நல்ல தண்ணி, அவ்வளவுதான். டிரம் பக்கத்துல ஒரு அண்ணன் நின்னு மொண்டு ஊத்துறாரு, பக்கெட்ல கோடு போட்டு வெச்சிருக்காங்க.

முதல் நாள் எங்க பெரியவ பக்கெட்டைத் தூக்கிட்டுப் போனா, நீளமான முடி, ஷாம்பு போட்டு ஒரே மூச்சுல மொத்தத்தையும் ஊத்திட்டா, நுரை இன்னும் காது பின்னாடி நிக்குது, தண்ணி இல்ல. கதவைத் தட்டி "அம்மா இன்னொரு பக்கெட்"னு சத்தம். நான் போய் கேட்டேன், "தர்றேன்கா, ஆனா அது தம்பியோடது, அவனைக் கேட்டுக்கங்க"ன்னு சொல்லிட்டாரு. சின்னவன் குடுக்க மாட்டேன்னு நிக்கிறான். கடைசியில அரை பக்கெட்டுக்கு ரெண்டு நாள் பிஸ்கட் பாக்கெட்னு பேரம் முடிஞ்சுச்சு. மறுநாள்ல இருந்து அவளே கண்டுபிடிச்சுட்டா, முதல்ல உப்புத் தண்ணியில மணலெல்லாம் போகக் குளிச்சுட்டு, முடியைப் பிழிஞ்சுட்டு, கடைசியில நல்ல தண்ணியைச் சொம்புல அளந்து அளந்து ஊத்தணும். மூணாவது நாள் கால் பக்கெட் மிச்சம் வெச்சு என் கைலியை அலசிக் குடுத்தா. வீட்டுல ஷவரைத் திறந்து விட்டுட்டுப் பாட்டுப் பாடுற புள்ளை.

ஆனா இதை முன்கூட்டியே சொல்லியிருக்கணும்ல? புக் பண்ணும்போது "நவீன குளியலறை வசதி"ன்னு மட்டும் எழுதியிருக்கு. ஒரு வரி, நல்ல தண்ணி ஆளுக்கு ஒரு பக்கெட்னு போட்டா யாரும் வேணாம்னு சொல்லப் போறதில்ல.

பாத்ரூம் 5, கக்கூஸ் 5, எல்லாருக்கும் பொதுவா. அதுல ரெண்டு வெஸ்டர்ன். காலையில சுத்தமா இருக்கும், மத்தியானத்துக்கு மேல மணல் சேறு. ராத்திரி கொட்டகையில இருந்து கக்கூஸுக்கு ஒரு 60 அடி மணல்ல நடக்கணும், வழியில லைட்டு ஒண்ணுதான் எரியுது, சின்னவனுக்குத் துணையா ரெண்டு தடவை எந்திரிச்சேன், ஒவ்வொரு தடவையும் நண்டு குறுக்க ஓடுச்சு. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா இதை யோசிச்சுக்கங்க. பொம்பளைங்களுக்குத் துணி மாத்த கடல் பக்கமா ஒரு தட்டி மறைப்பு கட்டி விட்டா நல்லா இருக்கும்னு எழுதி வெச்சுட்டு வந்தேன், ஈரத்துணியோட அவ்வளவு தூரம் நடந்து வர வேண்டியிருக்கு.

நாள் எப்படிப் போகும்னா, 5:30க்கு விசில். சுக்குக் காபி, அதுல கருப்பட்டி. 6 மணிக்குத் தண்ணிக்குள்ள இருக்கணும், 9:30, 10க்குள்ள கடலை முடிச்சுருவாங்க, அதுக்கு மேல வெயிலும் ஏறும் காத்தும் ஏறும். அப்புறம் டிபன், குட்டித் தூக்கம், 11 மணிக்கு ஷெட்டுல முடிச்சுப் போடுறது, கயிறு கட்டுறது, நீவாடு எப்படிப் பாக்குறதுன்னு கிளாஸு (நீவாடுன்னா கடல் நீரோட்டம்). மத்தியானம் சாப்பிட்டுட்டு எல்லாரும் செத்த பாம்பு மாதிரி கெடப்போம். 4 மணிக்குக் கரை நடை, குப்பை பொறுக்குறது. 8 மணிக்கு ராத்திரி சாப்பாடு, 9:30க்கு லைட்டு ஆஃப். போன் சார்ஜ் போட ஷெட்டுல ஒரே ஒரு நீளப் பலகை, அதுல 8 பிளக், அதுக்கு நடக்குற சண்டையைப் பாத்தா புள்ளைங்களை விட அப்பாமாருங்கதான் மோசம்.

சிங்கப்பூர்ல இருக்குற என் சித்தி பையன் படிக்கும்போது உபின் தீவுல இதே மாதிரி ஒரு கேம்ப்புக்குப் போயிருக்கான், அவுட்வர்ட் பவுண்ட்னு 1967ல இருந்து நடக்குற வெளிப்புறப் பயிற்சிப் பள்ளிக்கூடம் அது. அங்க புள்ளைங்களே அடுப்பு மூட்டிச் சமைக்கணும், அவங்க டென்ட்டை அவங்களே கட்டணும். இங்க அதெல்லாம் ஸ்கூல் பேட்ச்சுக்கு மட்டும்தானாம், குடும்ப பேட்ச்சுக்கு எல்லாம் கைக்கு வந்துரும். அதுல எனக்குக் கொஞ்சம் ஏமாத்தம்தான், வீட்டுக்காரருக்கு ரொம்ப சந்தோஷம்.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். லைஃப் ஜாக்கெட். பெரியவங்க சைஸ் தாராளமா இருக்கு, சின்னப் புள்ளைங்க சைஸ் 6 தான், எங்க பேட்ச்ல 10 வயசுக்குள்ள 9 புள்ளைங்க. கணக்குத் தெரிஞ்சுதான் பேட்ச் எடுத்தாங்களான்னு எனக்கு நல்ல கோவம். சின்னவன் வரிசையில பின்னாடி நின்னதால அவனுக்குப் பெரியவங்களோடதுல சின்னதாப் பாத்து மாட்டி விட்டேன், இறுக்கிக் கட்டிட்டேன், சரியா இருக்குன்னுதான் நெனச்சேன். கயாக் சொல்லிக்குடுக்குற அண்ணன் வந்து அவன் தோள்பட்டை ரெண்டையும் பிடிச்சு மேல தூக்குனாரு, ஜாக்கெட் அப்படியே ஏறி இவன் மூக்கு வரைக்கும் வந்துருச்சு, தலை உள்ள போயிருச்சு, கண்ணு மட்டும் தெரியுது. "தண்ணியில விழுந்தா இதான்கா நடக்கும், ஜாக்கெட் மெதக்கும், தம்பி மெதக்க மாட்டான்"னு சொல்லிட்டுக் கழட்டிட்டாரு. அழுதான், நானும் வாதாடிப் பாத்தேன், காசு ஒண்ணாத்தான குடுத்துருக்கோம்னு. அசையல. முதல் பேட்ச் புள்ளைங்க வர்ற வரைக்கும் 40 நிமிஷம் கரையில உக்கார வெச்சு, அந்த ஜாக்கெட்டைக் கழட்டி இவனுக்கு மாட்டித்தான் ஏத்துனாரு. அன்னைக்கு எரிச்சலா இருந்துச்சு, இப்ப எந்த போட்டிங்குக்குப் போனாலும் நான் முதல்ல செய்யுறது அந்தத் தோள்பட்டை தூக்கல்தான்.

ரெண்டாம் நாள் காலையில நடந்ததைச் சொல்லியே ஆகணும். அன்னைக்குத்தான் பெரிய கயாக் பயணம், கரையோரமாவே ஒரு ரெண்டு கிலோமீட்டர் போய்த் திரும்புறது, அதுக்குத்தான் பாதிப் பேரு வந்ததே. 6 மணிக்கு எல்லாரும் ஜாக்கெட் மாட்டி நிக்கிறோம், கடல் கண்ணாடி மாதிரி, ஒரு சுருக்கு இல்ல. அந்த அண்ணன் கரையில நின்னு பனை மட்டையைப் பாக்குறாரு, தண்ணியைப் பாக்குறாரு, பக்கத்துல வலை சிக்கு எடுத்துட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட போய் ஏதோ பேசுனாரு, வந்து "இன்னைக்குக் கயாக் கிடையாது"ன்னுட்டாரு. எங்க ஆளுங்க விடுவாங்களா. கோயம்புத்தூர்ல இருந்து வந்த ஒரு சார் "தம்பி, கடல் குளம் மாதிரி கெடக்கு, இதுல போகாம எதுல போறது, காசைத் திருப்பிக் குடுங்க"ன்னு ஆரம்பிச்சாரு. எங்க வீட்டுக்காரரும் கூட ஒத்து ஊதுனாரு, நானும் மனசுக்குள்ள அதேதான்.

அவரு பதில் பேசல. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்ல கால்வாசி கடல் தண்ணி ஊத்தி மூடி, கழுத்துல தங்கூஸ் நரம்பை (தூண்டில் போடுற நைலான் நூல்) கட்டி, இடுப்பளவு தண்ணியில நடந்து போய் விட்டாரு. சுருளை எங்க பெரியவ கையில குடுத்து "நீ விட்டுக்கிட்டே இரு பாப்பா, மத்தவங்க எண்ணுங்க"ன்னாரு. முதல்ல பாட்டில் சும்மா ஆடிட்டு நின்னுச்சு. 30 எண்ணும்போது கடல்பாசி வளக்குற மூங்கில் மிதவை ஒண்ணைத் தாண்டிருச்சு. நூறு எண்ணுறதுக்குள்ள சின்னப் புள்ளியா போயிருச்சு, சுருள் அவ கையில கிறுகிறுன்னு சுத்துது, நேரா வடக்க, இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. கச்சான் காத்து, தெக்க மேக்க இருந்து, நமக்கு முதுகுப் பக்கம் கரையில இருந்து கடலுக்குள்ள அடிக்குது. பனையும் கொட்டகையும் மறைக்கிறதால கரையோரம் தண்ணியில ஒரு அலை கிளம்பாது, பாக்குறதுக்கு அமைதியாத்தான் இருக்கும், ஒரு 200 மீட்டர் உள்ள போனதும் காத்து முழுசாப் பிடிச்சுக்கும், கயாக்கும் ஆளும் சேந்து அதுக்கு ஒரு பாய் மாதிரிதான், 8 வயசுப் பையன் துடுப்பு போட்டெல்லாம் எதுத்து வர முடியாது. "அலை அடிக்கிற கடல் உங்களைத் திருப்பி கரையில கொண்டாந்து போடும் சார், இது போ போன்னு அனுப்பி வெச்சுரும்"னாரு. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு யாரும் கேக்கல, எல்லாருக்கும் தெரியும். கோயம்புத்தூர் சார் நரம்பைச் சுத்தி எடுக்க ஒரு கை பிடிச்சாரு, நல்லா இழுக்க வேண்டியிருந்துச்சு, ஒரு பாட்டிலுக்கே.

நாங்க குடுத்த காசு (ஆளுக்கு 7,500, புள்ளைங்களுக்கு 6,000) அந்த ஓலைக் கொட்டகைக்கும் பக்கெட் தண்ணிக்கும் அதிகம்தான், அந்த அண்ணன் ஒருத்தருக்குன்னா கம்மி. கேம்ப் பாக்குறவங்க மெத்தை எப்படி, ஏசி இருக்கான்னு கேக்குறதை விட்டுட்டு, போன்ல ஒரே கேள்வி கேளுங்க: போன மாசம் எத்தனை நாள் கடல்ல இறங்க வேணாம்னு நிறுத்துனீங்க? ஒரு நாளும் இல்லன்னு பெருமையா சொன்னாங்கன்னா அங்க போகாதீங்க.

மூணாம் நாள் காத்து தணிஞ்சு, கயாக் போனோம். அது நல்லா இருந்துச்சு, ரொம்ப நல்லா இருந்துச்சு, எழுதுறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல.

ஸ்நார்க்கல்தான் (மூச்சுக்குழாய் மாட்டிட்டு முகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சுப் பாக்குறது) எனக்குப் பிடிச்சது. ஆழம் கழுத்தளவுதான், கீழ பூரா கடல்புல்லு, வயக்காட்டுல நாத்து ஆடுற மாதிரி ஆடுது. ஓரா மீன் கூட்டமா மேயுது. இந்தப் புல்லை நம்பித்தான் ஆவுளியா, அதான் கடல் பசு, உசுரோட இருக்குதாம், ஒண்ணு ஒரு நாளைக்கு 30, 40 கிலோ தின்னுமாம். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல்ல 448 சதுர கிலோமீட்டரை 2022ல அதுக்குன்னே காப்பகமா அறிவிச்சாங்கன்னு கிளாஸ்ல சொன்னாங்க. நாங்க ஆவுளியா பாக்கல, பாக்குறது ரொம்ப அபூர்வம், காட்டுறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சின்னவன் கடல் அட்டை ஒண்ணைக் கையில தூக்கிட்டு வந்தான், அந்த அண்ணன் பதறிப் போய் எடுத்த இடத்துலயே வைக்கச் சொன்னாரு, அதைப் பிடிக்கிறது 2001ல இருந்து சட்டப்படி தப்பு, சங்கு சிப்பி மாதிரி பையில போட்டுட்டுப் போனா மாட்டிக்குவோம். நடக்குறதுக்கும் அங்க ஒரு மொறை இருக்கு, காலைத் தூக்கித் தூக்கி வைக்கக்கூடாது, மணலோட தேச்சுத் தேச்சு நடக்கணும், மணலுக்குள்ள திருக்கை பொதைஞ்சு கெடந்தா அதுவே விலகிப் போயிரும், நேரா மிதிச்சாத்தான் வாலால போடும்.

பாசி வளக்குற மிதவையும் காட்டுனாங்க, 12க்கு 12 அடி மூங்கில் சட்டம், அதுல கயிறு கட்டிக் கயித்துல பாசி, 45 நாள்ல அறுப்பு. அதுல இருந்து எடுக்குற பசை ஐஸ்கிரீம்ல இருந்து பேஸ்ட் வரைக்கும் போகுது. வேலை பாக்குறது பெரும்பாலும் பொம்பளைங்க, சேலை மேல பேன்ட் சட்டை மாட்டி, தலையில துண்டு கட்டி. கேம்ப்ல இதை ஏதோ வரம் மாதிரி சொன்னாங்க. அந்தப் பாசி இந்த ஊருதே இல்ல, வெளிநாட்டுல இருந்து கொண்டாந்தது, குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல படர்ந்துருச்சுன்னு ஆராய்ச்சிக்காரங்க எழுதியிருக்காங்க, அதையும் சேத்துச் சொல்லியிருக்கலாம். பாடம்னா ரெண்டு பக்கமும் சொல்லணும்ல.

அன்னைக்கே பெரியவளுக்கு முழங்கைக்கிட்ட சொறி பட்டுருச்சு. ஜெல்லி மீனைத்தான் அங்க சொறின்னு சொல்றாங்க. சாட்டையால அடிச்ச மாதிரி செவப்பா கோடு, கத்திட்டே வெளிய வந்தா. நான் கையில இருந்த குடிதண்ணி பாட்டிலைத் திறந்து ஊத்தப் போனேன், ஒரு பயிற்சிக்காரப் பொண்ணு ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்திட்டா. நல்ல தண்ணி பட்டா தோல்ல ஒட்டியிருக்குற கொடுக்கெல்லாம் இன்னும் வெடிக்குமாம், கடல் தண்ணியாலதான் கழுவணும், தேய்க்கவே கூடாது. வினிகர் ஊத்தி, ஒட்டியிருந்த நூல் மாதிரி ஒண்ணை ஃபோர்செப்ஸால எடுத்து, அப்புறம் பொறுக்குற சூட்டுல வெந்நீர் ஒத்தடம். ஒரு மணி நேரத்துல சிரிச்சிட்டு இருந்தா. மருந்துப் பெட்டி கரையிலயே இருந்துச்சு, ஆபீஸ் ரூம்ல பூட்டி வைக்கல, அதுக்கு ஒரு மார்க். டாக்டர்னு யாரும் கிடையாது, பெருசா ஏதாவதுன்னா ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிதான், சுமார் 20 கிலோமீட்டர், ஒரு வண்டி எப்பவும் சாவியோட நிக்குது, கேட்டுப் பாத்துக்கிட்டேன்.

சாப்பாட்டுக்கு வருவோம். முதல் நாள் மத்தியானம் ஏதோ தக்காளி சாதமும் அப்பளமும் போட்டு ஒப்பேத்துனாங்க, ராத்திரி சப்பாத்தின்னு தோல் செருப்பு. எனக்குப் பயமாப் போச்சு, மூணு நாள் இப்படியான்னு. மறுநாள் ஊருல இருந்து சமையல் அக்கா வந்துட்டாங்க, அவங்க வீட்டுல விசேஷமாம், அதுக்கப்புறம் கதையே வேற. மீன் ஆணம்னு சொல்றாங்க, நம்ம குழம்புதான், ஆனா தேங்காப்பால் போட்டு, அந்த ஊரு குண்டு மிளகாயை அரைச்சு, நிறம் ரத்தச் செவப்பு, காரம் நாக்குல நிக்காம தொண்டையில மெதுவா இறங்குது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில, நாட்டுப்படகுல என்ன வருதோ அதுதான், அதனால பெரிய மீனுக்கு ஆசைப்படாதீங்க. முரல், ஓரா, நகரை, ஒரு நாள் நண்டு. சின்னவனுக்கு முள்ளு எடுத்துக் குடுக்குறதுலயே என் சாப்பாடு ஆறிப்போச்சு, அந்த அக்கா பாத்துட்டு "நீ சாப்புடுத்தா, நான் பாத்துக்குறேன்"னு அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டு, முரலை முதுகுப் பக்கம் ஒரு அமுக்கு அமுக்கி, தலையைப் பிடிச்சு ஒரே இழு, நடுமுள்ளு மொத்தமா சீப்பு மாதிரி வந்துருச்சு. நான் 20 வருஷமா மீன் திங்கிறேன், இது தெரியாது.

சைவக்காரங்க பாடு கஷ்டம், சாம்பார், உருளைக்கிழங்கு, சாம்பார், உருளைக்கிழங்கு. நுங்கு மட்டும் எல்லாருக்கும் பொது, ஒரு தாத்தா தினமும் 11 மணிக்குக் கொண்டு வந்து வெட்டுறாரு, காசு தனியா.

கடைசி நாள் தனுஷ்கோடி கூட்டிட்டுப் போனாங்க. வெயில்ல எல்லாரும் வேன விட்டு இறங்கவே யோசிச்சோம், 1964 புயல்ல போன சர்ச்சுச் சுவரு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு, அரிச்சல்முனையில ரெண்டு கடலையும் ஒரே இடத்துல பாத்துட்டு வந்தோம். தெக்குப் பக்கம் அலை எகிறுது, வடக்குப் பக்கம் சும்மா கெடக்குது. மூணு நாள் அந்த வடக்குத் தண்ணியிலயே இருந்த எங்க புள்ளைங்க "இதுதாம்மா ஏமாத்துற கடல்"னு மத்த டூரிஸ்ட்டுங்களுக்கு வேற விளக்கம் குடுத்துட்டு இருந்துச்சுங்க. சாப்பாட்டோட சேத்து அந்த டிரிப்புக்கு ஆளுக்கு 600 தனியா வாங்குனாங்க, அதுவும் முன்னாடி சொல்லாத கணக்கு.

சொல்லாத கணக்குன்னதும் ரீஃபண்ட் ஞாபகம் வருது. எங்க கூட வர இருந்த நாத்தனார் குடும்பம் 10 நாள் முன்னாடியே வரலன்னு சொல்லிட்டாங்க, அட்வான்ஸ் பாதி திரும்ப வரும்னு சொன்னாங்க, இன்னைக்கு வரைக்கும் "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கோம் மேடம்"தான். கடல்ல அவ்வளவு கறாரா இருக்குற ஆளுங்க, ஆபீஸ்ல ஏன் இப்படி வழுவழுன்னு. போன் எடுக்குறதும் ரெண்டாவது தடவைதான்.

எப்ப போகலாம்னா, அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் இந்தப் பக்கம் வாடைக் காத்து, வடகடலுக்கு அதுதான் கோவம் வர்ற காலம், மழையும் சேந்துக்கும். பிப்ரவரி கடைசி, மார்ச் கேட்டுப் பாருங்க, வெயிலும் இவ்வளவு இருக்காது. கொண்டு போக வேண்டியது: முழுக்கை சட்டை (கிரீம் எல்லாம் சும்மா, முதுகு தோல் உரிஞ்சுருச்சு), பின்பக்கம் வார் வெச்ச செருப்பு, ரப்பர் செருப்பு மணல்ல புதைஞ்சு அறுந்துருது, டார்ச்சு, கொசுவத்தி, ஒரு சொம்பு. சொம்பை மறந்துராதீங்க, பக்கெட் தர்றாங்க, மொண்டு ஊத்த கப்பு தர்றதில்ல.

சின்னவன் மறுபடியும் போகணும்னு நச்சரிக்கிறான், போவோம்னு நெனைக்கிறேன். இந்தத் தடவை அவன் சைஸுக்கு, 25 கிலோவுக்கு, காலுக்கு நடுவுல வார் வெச்ச லைஃப் ஜாக்கெட் சொந்தமா ஒண்ணு வாங்கிட்டுத்தான் போகணும். மதுரையில ரெண்டு ஸ்போர்ட்ஸ் கடையில கேட்டேன், ரெண்டு பேருமே நீச்சல் குளத்துக்குக் காத்து ஊதுற வாத்து பொம்மையைக் காட்டுறாங்க. எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.